நைலோன் உறையும் வல்லை வெளிக் காற்றும்

வடமராட்சியிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். வயது 34. தனியார் பாதுகாப்பு நிறுவனமொன்றில் வேலை. பணம் கொண்டுபோகும் வானுக்குப் பின்னால், யாழ்ப்பாண நகரத்துக்கும் பருத்தித்துறைக்கும் இடையில் மோட்டார் சைக்கிளில் காவல் செல்வது அவருடைய பணி. கடிதத்தின் முக்கியமான பகுதி இது:

"நிறுவனம் 9 மில்லிமீற்றர் பிஸ்டல் ஒன்றும் நைலோன் உறை ஒன்றும் தந்திருக்கிறது. உறையின் வெல்குரோ தேய்ந்துவிட்டது. வல்லை வெளியைக் கடக்கும்போது காற்றில் சேட் பறக்கிறது, உறை இடுப்பைச் சுற்றி நகர்கிறது. ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு ஓட வேண்டியிருக்கிறது. ஓய்வு பெற்ற அண்ணர் ஒருவர் தன்னுடைய பழைய தோலுறையைத் தந்தார். தேங்காயெண்ணெய் பூசினால் புதிது போலாகும் என்கிறார். கனடாவிலுள்ள மச்சான் பிளாஸ்டிக் உறை அனுப்புகிறேன் என்கிறான். இன்னொருவர், உறையே வேண்டாம், இடுப்பில் செருகு என்கிறார். எதை எடுப்பது, எங்கே கட்டுவது, எப்படிப் பேணுவது? சில நாட்களில் வேலை முடிய இரவாகிவிடுவதால் துப்பாக்கியை வீட்டுக்கே கொண்டுபோகிறேன் என்பதையும் சொல்ல வேண்டும்."

அன்புள்ள தம்பிக்கு,

எனக்குச் சுடத் தெரியாது. தோல் தைக்கத் தெரியும். கொழும்பில் ஒரு பட்டறையில் பதினான்கு வருடம் பாதுகாப்பு நிறுவனங்களுக்காக உறையும் பட்டியும் ரவைப் பையும் தைத்தேன். ஊருக்குத் திரும்பிய பிறகு கைப்பையும் இடுப்புப்பட்டியும் தைத்துச் சாப்பிடுகிறேன். ஆகவே குறி பார்ப்பது, சுடுவது பற்றியெல்லாம் உங்கள் பயிற்றுநரிடம் கேளுங்கள். உறை பற்றி என்னிடம் கேட்டது சரிதான்.

கடைசியாக எழுதியதை முதலில் எடுக்கிறேன். வீட்டுக்குக் கொண்டுபோவதற்கு உங்களிடம் எழுத்தில் அனுமதி இருக்கிறதா? இந்த நாட்டில் துப்பாக்கி 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்துக்கு உட்பட்டது. அனுமதிப்பத்திரத்தை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். 2024 இறுதியில், தற்காப்புக்கென்று வழங்கிய துப்பாக்கிகளையே மீளாய்வுக்காக ஒப்படைக்கும்படி பாதுகாப்பு அமைச்சு கேட்டது உங்களுக்கு நினைவிருக்கும். நிறுவனத்தின் பெயரிலுள்ள துப்பாக்கி இரவில் உங்கள் வீட்டு அலுமாரியில் கிடந்தால் அதற்கு யார் பொறுப்பு என்பதை மேலாளரிடம் கேட்டு, பதிலைக் கடிதமாக வாங்குங்கள். "பரவாயில்லை, கொண்டுபோ" என்று வாயால் சொன்னவர் நாளைக்கு வாயாலேயே இல்லையென்றும் சொல்வார்.

இனி உறைக்கு வருவோம்.

உறை வாங்க வருகிற எல்லோரும் கேட்கிற முதற்கேள்வி, "எவ்வளவு விரைவாக எடுக்கலாம்?" என்பது. கொழும்பில் இருந்த காலத்தில் எனக்கு அலுத்துப்போன கேள்வி அது. எட்டு மணி நேர வேலையில் நீங்கள் துப்பாக்கியை எத்தனை தரம் எடுக்கிறீர்கள்? வேலை தொடங்கும்போது ஒருமுறை வைக்கிறீர்கள், முடியும்போது ஒருமுறை எடுக்கிறீர்கள். மிச்ச நேரமெல்லாம் அது சும்மா கிடக்கிறது. அப்படிச் சும்மா கிடக்கிற பொருளை அசையாமல், விழாமல், விசையில், அதாவது சுடுவதற்கு விரலால் இழுக்கிற பாகத்தில், எதுவும் படாமல் கிடக்கச் செய்வதுதான் உறையின் வேலை. கிடப்பதற்கு எது நல்லது என்று பார்த்து வாங்கினால் எடுப்பதும் தானாகச் சரியாக வரும். எடுப்பதற்கென்று மட்டும் வாங்கினவர்களுடைய உறைகள் பிறகு என்னிடம் பழுதுபார்க்க வந்தன.

பட்டறையில் நான் சேர்ந்து நாலைந்து வருடம் இருக்கும். நான் தைத்த உறையொன்று, இடுப்புப்பட்டி நுழைகிற கண்ணி அறுந்து திரும்பி வந்தது. வேலை பழகிய புதிதில், கைப்பைக்கென்று வாங்கிய மெதுவான தோலில் தைத்தது. கண்ணியை மாற்றிக் கொடுக்க ஐந்து நிமிடம் போதும். தைத்து முடித்து, சரி பார்ப்பதற்காக மரக் கட்டையை உள்ளே விட்டேன். கட்டை என்பது துப்பாக்கியின் அளவில் செதுக்கிய மாதிரி. அதை வைத்துத்தான் தோலைப் படிய வைப்போம். வழக்கமாக வழுக்கிக்கொண்டு போகிற கட்டை முக்கால்வாசியில் நின்றது. தட்டினேன், போகவில்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், உறையின் வாயோரம் நாய்க் காது போல உட்பக்கம் மடிந்து, அந்த மடிப்பின் நுனி விசை வளையத்துக்குள் நுழைந்து நின்றது. நான் கையால் தட்டிய ஒவ்வொரு தட்டும் அந்தத் தோல் நாக்கை விசைக்கு நேரே தள்ளிக்கொண்டிருந்தது. கட்டையில் விசைக்குப் பதிலாக இருப்பது வெறும் ஆணி, அசையாது. அந்த மனிதர் அதே உறையில் ரவை ஏற்றிய துப்பாக்கியை எத்தனை மாதம் இப்படித் தள்ளித் தள்ளி வைத்திருந்தாரோ! பிழை அவருடையது அல்ல, என்னுடையது. கைப்பைத் தோலில் உறை தைத்தது நான். அமெரிக்காவில் இதே மாதிரி ஒரு பழந்தோல் மடிப்பு விசையை அமுக்கி, ஒருவருடைய இடுப்பருகிலேயே வெடி தீர்ந்தது என்று பின்னாளில் வாசித்தபோது எனக்கு வியப்பு வரவில்லை, வியர்வைதான் வந்தது.

உங்கள் அண்ணர் தந்த பழைய உறையை நான் பார்க்கவில்லை. பார்க்காமலே சொல்கிறேன், அதில் துப்பாக்கி வைக்காதீர்கள், குறைந்தது நான் கீழே சொல்கிற சோதனையை முடிக்கும்வரை.

சோதனைக்கு நிறுவனத்தின் ஆயுத அறைதான் இடம். துப்பாக்கியை வெறுமையாக்குவதற்கென்று மணல் நிரப்பிய பெட்டி அங்கே இருக்க வேண்டும். பொறுப்பாளர் பக்கத்தில் நிற்கட்டும். ரவை அடுக்கிய மகசீனைக் கழற்றுங்கள், மேலே சறுக்கி நகர்கிற ஸ்லைடை இழுங்கள், உள்ளே ரவை இல்லையென்று கண்ணால் பாருங்கள், சுண்டு விரலை விட்டும் பாருங்கள். ரவைகள் அந்த அறையிலேயே இருக்கக் கூடாது. இவ்வளவும் செய்த பிறகு வெறுந்துப்பாக்கியை உறையில் வைத்து, மேசையில் ஒரு துவாயை விரித்து, அதற்கு மேலே உறையைத் தலைகீழாகப் பிடித்து உலுக்குங்கள். பூட்டு வாரைப் போடாமல் உலுக்க வேண்டும். துப்பாக்கி விழுந்தால் அந்த உறையைக் கைவிடுங்கள். விழாவிட்டால் அடுத்தது: விசை வளையத்தை உறை முழுதாக மூடுகிறதா? வெளியிலிருந்து விரலால் விசை இருக்கும் இடத்தை அமுக்கிப் பாருங்கள். நைலோனில் இந்த அமுக்கல் நேரே விசைக்குப் போகும். நல்ல தோலிலும் வார்த்த பிளாஸ்டிக்கிலும் போகாது. கடைசியாக, துப்பாக்கியை வெளியே எடுத்துவிட்டு உறையின் வாயைப் பாருங்கள். வாய் திறந்தபடியே இருக்கிறதா, சோர்ந்து மூடிக்கொள்கிறதா? மூடிக்கொள்கிற உறையில் திரும்ப வைப்பதற்கு மற்றக் கையால் வாயை விரிக்க வேண்டும். அப்படி விரிக்கும்போது உங்கள் இடக்கை விரல்கள் எங்கே இருக்கும்? குழலின் முன்னால்.

நிறுவனம் தந்த நைலோன் உறை இந்த மூன்று சோதனையிலும் தோற்கும் என்பது என் ஊகம். அது "எந்தத் துப்பாக்கிக்கும் பொருந்தும்" என்று விற்கிற வகை. எந்தக் காலுக்கும் பொருந்தும் என்று சப்பாத்து விற்றால் வாங்குவீர்களா?

இடுப்பில் செருகச் சொன்னவரைப் பற்றி அதிகம் எழுத மாட்டேன். உறையில்லாத துப்பாக்கியின் விசையை மூடுவது உங்கள் சேட்டின் துணி மட்டும்தான். நீங்கள் ஓட்டுவதோ மோட்டார் சைக்கிள். ஒரு குழியில் விழுந்து எழும்பும்போது அது காற்சட்டைக்குள் இறங்கும், அல்லது வீதியில் விழும். விழுகிற பொருளை மனிதன் பாய்ந்து பிடிப்பான். பிடிக்கிற விரல் எங்கே போகும் என்று யாருக்குத் தெரியும்? விழுந்தால் விழ விடுங்கள் என்று பயிற்றுநர்கள் சொல்வதன் காரணம் இதுதான்.

தோலா, பிளாஸ்டிக்கா? என் வயிற்றிலேயே அடித்துக்கொண்டு சொல்கிறேன், உங்கள் வேலைக்குப் பிளாஸ்டிக். கைடெக்ஸ் என்கிற தகட்டைச் சூடாக்கித் துப்பாக்கியின் வடிவிலேயே அமுக்கி எடுக்கிறார்கள், அல்லது அச்சில் வார்க்கிறார்கள். வாய் சோராது. வியர்வையைக் குடிக்காது. துப்பாக்கி உள்ளே போய்ச் சேர்ந்ததும் "டக்" என்று ஒரு சொடுக்குக் கேட்கும், அதனால் சரியாக இருந்ததா என்ற சந்தேகமே வராது. வைகாசி வெயிலில் கவச அங்கிக்குள் நனைந்து, வல்லைப் பாலத்து உப்புக் காற்றை ஒரு நாளில் இரண்டு தரம் வாங்குகிற உடம்புக்கு அதுதான் தாங்கும்.

ஆனால் மச்சானிடம் சரியாகச் சொல்லி அனுப்புவியுங்கள். முதலில் நிறுவனத்தின் சம்மதம். அவர்கள் தந்ததல்லாத உறையை அணியலாமா என்று கேளுங்கள். அடுத்து, துப்பாக்கியின் சரியான மாதிரி. "பிஸ்டல் உறை" என்று கேட்டு வாங்கக் கூடாது. ஒரே கம்பனியின் அண்ணன் தம்பி போன்ற இரண்டு துப்பாக்கிகளுக்குக்கூட உறை வேறு. கிளொக் 17இன் உறைக்குள் கிளொக் 19 பெரும்பாலும் போய் உட்காரும். மாற்றி வைத்தால் நீளமான 17இன் முனை அடியால் எட்டிப் பார்க்கும். லேசர், விளக்கு ஏதாவது பூட்டியிருந்தால் அதையும் சொல்ல வேண்டும். மூன்றாவது, பூட்டு. நீங்கள் கூட்டத்துக்குள் நிற்கிறவர், உறை வெளியே தெரிகிறவர். பின்னாலிருந்து ஒருவன் பிடுங்கினால் வரக் கூடாது. ஆகவே இறுக்கத்தோடு சேர்த்து ஒரு பூட்டாவது வேண்டும். அந்தப் பூட்டு பெருவிரலால் திறக்கிறதாக இருக்கட்டும். சுட்டுவிரலால் பக்கவாட்டில் அமுக்கித் திறக்கிற வகையும் உண்டு; பதற்றத்தில் அமுக்கிய அதே விரல், துப்பாக்கி வெளியே வரும்போது வளைந்தபடியே விசைக்குள் இறங்கிவிடுகிறது என்று பல பயிற்சி நிலையங்கள் அந்த வகையை உள்ளே விடுவதில்லை. உங்கள் மச்சானுக்கு அதுதான் மலிவாகக் கிடைக்கும், கவனம்.

தோல் எப்போது நல்லது? சாதாரண உடையில், உடம்போடு ஒட்டி, உள்ளே மறைத்து அணிகிறவருக்கு, இருந்து வேலை செய்கிறவருக்கு. தோல் உடம்பின் வளைவுக்குப் பழகும், சத்தம் போடாது, துப்பாக்கியின் மேற்பூச்சைச் சுரண்டாது. ஆனால் அது பட்டை போட்டுப் பதனிட்ட தோலாக இருக்க வேண்டும். ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டு ஊற வைத்து எடுக்கிற தோல் நனைத்தால் களிமண் போல வளையும், காய்ந்தால் பலகை போல நிற்கும். அந்தக் குணம்தான் உறைக்கு வேண்டியது. குரோமியம் உப்பில் பதனிட்ட தோல் மெதுவானது, கைப்பைக்கு அழகு. வடிவம் பிடிக்காது, இரும்பில் துருவும் ஏற்றும். ஓரத்தை வெட்டிப் பார்த்தால் பட்டைத் தோல் உள்ளேயும் பழுப்பாக இருக்கும், குரோம் தோல் பெரும்பாலும் நீலச் சாம்பலாக இருக்கும். தடிப்பு மூன்று மில்லிமீற்றருக்குக் குறையக் கூடாது. வாயோரத்தில் இன்னொரு தோலை வைத்து இரட்டையாகத் தைத்திருக்க வேண்டும். நடுவில் உலோகத் தகடு வைத்தால் இன்னும் நல்லது. தையல், இரண்டு ஊசியால் எதிரெதிராகப் போட்ட கைத்தையலா என்று பாருங்கள். ஒவ்வொரு துளையிலும் இரண்டு நூல் போவதால் ஒன்று அறுந்தாலும் மற்றது பிடிக்கும். மெஷின் தையல் ஓரிடத்தில் விட்டால் உரிந்துகொண்டே போகும்.

உறையைப் பற்றி ஒரு பக்கம் எழுதிக் கேட்கிறவர்கள் பட்டியைப் பற்றி ஒரு வரி எழுதுவதில்லை. நீங்களும் எழுதவில்லை. உங்கள் உறை இடுப்பைச் சுற்றி நகர்வதற்குப் பாதிக் காரணம் பட்டியாகத்தான் இருக்கும். ரவை நிறைந்த 9 மில்லிமீற்றர் பிஸ்டல் ஏறக்குறைய ஒரு கிலோ. ஒரு கிலோ சீனிப் பையைக் கலியாண வீட்டுக்குக் கட்டுகிற பட்டியில் தொங்கவிட்டுப் பாருங்கள், பட்டி சுருண்டு, உறை வெளியே சரிந்து, பிடி விலாவில் இடிக்கும். 38 மில்லிமீற்றர் அகலம், இரண்டு தோலை முதுகோடு முதுகு ஒட்டித் தைத்தது, கையில் கிடையாகப் பிடித்தால் தொங்காமல் நிற்பது. அப்படி ஒன்று வேண்டும். உறையின் கண்ணி பட்டியின் அகலத்துக்கு அளவாக இருக்க வேண்டும். 50 மில்லிமீற்றர் கண்ணிக்குள் 38 மில்லிமீற்றர் பட்டி போனால் உறை ஊஞ்சலாடத்தான் செய்யும். 1858இல் வட இந்தியாவில் இடக்கையை இழந்த சாம் பிரவுண் என்ற வெள்ளைக்கார அதிகாரி, ஒரு கையால் வாளை உருவ முடியாமல், தோளுக்குக் குறுக்கே இன்னொரு வாரைப் போட்டு இடுப்புப்பட்டியைத் தாங்கச் செய்தார். இன்றைக்கும் அதிகாரிகள் அணிவகுப்பில் அணிகிற குறுக்குப் பட்டிக்கு அவர் பெயர்தான். பாரம் தாங்குவது பட்டி என்று கை போன மனிதனுக்குத் தெரிந்திருந்தது.

எங்கே கட்டுவது? வலக்கைக்காரர் என்றால் வலது இடுப்பெலும்புக்கு நேரே, அல்லது விரலிரண்டு பின்னால். முதுகின் நடுவில் ஒருபோதும் கட்டாதீர்கள். பின்பக்கம் மறைவாக இருக்கிறது, வசதியாக இருக்கிறது என்பார்கள். மோட்டார் சைக்கிளிலிருந்து மல்லாக்க விழுந்தால் ஒரு கிலோ இரும்பு நேரே முள்ளந்தண்டில் இருக்கும். வானுக்குள் இருக்கைப் பட்டி போட்டு இருந்து ஓட்டுகிறவர்களுக்கு இடுப்பில் வைத்தது எட்டாது. அவர்கள் இடப்பக்கம் முன்னால் குறுக்காகக் கட்டுவதுண்டு. உங்களுக்கு அது வேண்டாம், எதிரில் நிற்கிறவன் கைக்குப் பிடி வாகாக வந்துவிடும். முன்வயிற்றில் கட்டுகிற வழக்கமும் இப்போது பரவுகிறது. குனிந்து ஓட்டுகிற உங்களுக்கு அதுவும் சரிவராது. மேலும் அங்கே பிழை நடந்தால் எங்கே படும் என்பதை நான் எழுதத் தேவையில்லை.

வல்லை வெளியில் சேட் பறப்பதற்கு உறை பொறுப்பில்லை. சீருடைச் சேட்டைக் காற்சட்டைக்குள் விட்டுக் கட்டுங்கள். தொங்குகிற சேட்டின் நுனி, மழை அங்கியின் கயிறு, இரண்டும் உறைக்குள் துப்பாக்கியோடு சேர்ந்து போகக் கூடியவை. திரும்ப வைக்கும்போது அவசரமே கூடாது. விரலை நீட்டி விசைக்கு வெளியே வைத்து, உறையின் வாயைக் கண்ணால் பார்த்து, மெதுவாக விடுங்கள். தட்டுப்பட்டால் தள்ளாதீர்கள், வெளியே எடுத்துப் பாருங்கள். கட்டையை நான் தட்டின கதை நினைவிருக்கட்டும்.

இன்னொன்று, கேட்க வெட்கப்படுவீர்கள் என்பதால் நானே சொல்கிறேன். மலசலகூடம். பட்டியை அவிழ்த்ததும் உறையோடு துப்பாக்கி சரிந்து தரையில் இடிக்கும். ஆகவே கழற்றி யன்னல் கட்டிலோ தண்ணீர்த் தொட்டியின் மூடியிலோ வைக்கிறார்கள். வைத்தவர்கள் மறந்துவிட்டு வருகிறார்கள். எந்த நாட்டிலும் நடக்கிற காரியம். துப்பாக்கியை உறையிலிருந்து எடுக்காதீர்கள். உறையோடேயே இரண்டு காலுக்கும் நடுவில் இறக்கிய காற்சட்டைக்குள் கிடக்கட்டும். அதை மறந்து எழும்பி நடக்க யாராலும் முடியாது.

பேணுவதற்கு வருகிறேன். பிளாஸ்டிக் உறைக்குப் பெரிய வைத்தியம் இல்லை. செம்மண் தூசியும் கடல் மணலும் உள்ளே புகுந்தால் ஒவ்வொரு முறை எடுத்து வைக்கும்போதும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி. கிழமைக்கு ஒருமுறை வெறும் உறையைச் சவர்க்காரத் தண்ணீரில் பழைய பற்தூரிகையால் தேய்த்துக் கழுவி நிழலில் காய விடுங்கள். திருகாணிகளை அன்றைக்கே பாருங்கள். மோட்டார் சைக்கிள் அதிர்வில் அவை கழன்றுகொண்டே இருக்கும். ஆணிப் பல்லில் நீல நிறப் பூட்டுப் பசை ஒரு சொட்டு விட்டு முறுக்கினால் நிற்கும்; சிவப்பு நிறத்தை விட்டால் பிறகு சூடாக்காமல் கழற்றுவது கடினம். வெயிலில் நிறுத்திய வானின் முன்கண்ணாடிக்குக் கீழே உறையைப் போட்டுவிட்டுப் போனால் வாய் நெளிந்துவிடும். வெடிப்பைத் தேடிப் பாருங்கள், கண்ணி வளைகிற இடத்தில்தான் முதலில் வரும்.

தோலுறை வைத்திருக்கிற மற்ற வாசகர்களுக்கும் உங்கள் அண்ணருக்கும் சேர்த்து இது. எண்ணெய் வேண்டாம். தேங்காயெண்ணெய், நல்லெண்ணெய், வேப்பெண்ணெய், இலுப்பெண்ணெய், எதுவும் வேண்டாம். யாழ்ப்பாணத்தில் தோல் என்று ஒன்று கண்டால் எண்ணெய்ப் போத்தலை எடுக்கிற பழக்கம் எங்கிருந்து வந்ததோ தெரியாது. மாட்டு வண்டி வாருக்கு எண்ணெய் சரி, அது வளைய வேண்டிய பொருள். உறை வளையக் கூடாத பொருள். எண்ணெய் குடித்த தோல் மெதுவாகும், மெதுவான தோல் வாயோரம் மடியும், மடிந்தால் என்ன என்பதை மேலே சொல்லிவிட்டேன். புதிது போலாகும் என்று அண்ணர் சொன்னது, பார்வைக்கு மட்டும் உண்மை.

வேலை முடிந்து வந்ததும் ஈரம் பிழிந்த துணியால் வியர்வை பட்ட பக்கத்தை ஒற்றித் துடைக்க வேண்டும். நம் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புத் தண்ணீர், காய்ந்தால் வெள்ளையாகப் படியும். மழைத் தண்ணீர் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் கொதித்தாறிய தண்ணீர். பிறகு மின்விசிறிக் காற்றில், நிழலில். வெயிலில் போட்டால், அடுப்புக்கு மேலே தொங்கவிட்டால் தோல் சுருங்கி வெடிக்கும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை நிறமில்லாத மெழுகுப் பொலிஷ், வெளிப்பக்கத்துக்கு மட்டும், விரல் நுனியளவு. உட்பக்கத்தில் எதுவும் தடவாதீர்கள்.

கார்த்திகை, மார்கழி மழையில் அலுமாரிக்குள் வைத்த தோலில் வெள்ளை பூக்கும். எல்லா வெள்ளையும் பூஞ்சணம் அல்ல. பெருவிரலைச் சற்று நேரம் அழுத்தி வையுங்கள். உடம்புச் சூட்டில் உருகி மறைந்தால் அது தோலுக்குள்ளிருந்து வந்த மெழுகு, பயமில்லை. மறையாமல் பஞ்சு போலத் தேய்ந்து, மண் வாசனை அடித்தால் பூஞ்சணம். பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்த வினாகிரியில் துணியை நனைத்துப் பிழிந்து துடைத்து, காற்றில் இரண்டு நாள் காய விடுங்கள். பொலித்தீன் பையில் போட்டுக் கட்டி வைப்பதுதான் பூஞ்சணத்துக்குச் சோறு போடுகிற வேலை.

புதுத் தோலுறை இறுக்கமாக இருக்கிறது என்று கத்தியால் சீவாதீர்கள். வெறுமையாக்கிய துப்பாக்கியை ஒரு மெல்லிய பொலித்தீன் உறையில் சுற்றி, தோலுறைக்குள் வைத்து, சற்று அசைத்துவிட்டு, ஆயுத அறையில் ஒரு இரவு விட்டால் அளவாக விரியும். ஒரு இரவு மட்டும். தோலுக்குள் துப்பாக்கியை நாட்கணக்கில் பூட்டி வைக்கக் கூடாது. தோல் காற்றிலுள்ள ஈரத்தை வாங்கி வைத்திருக்கும், பதனிட்ட பட்டையின் துவர்ப்பு அமிலமும் அதில் இருக்கும்; இரண்டும் சேர்ந்தால் இரும்பில் துரு. தோல் வாரில் செருகி வைத்த பித்தளை ரவைகளில் பச்சையாகக் களிம்பு ஏறியிருப்பதை நான் பல தரம் சுரண்டியிருக்கிறேன்.

எப்போது கைவிடுவது? வாயோரம் ஒருமுறை மடிந்துவிட்டால். தையல் இரண்டு இடத்தில் விட்டால். பூட்டு வாரின் அமுக்குப் பொத்தான் சத்தமில்லாமல் திறந்தால். "இன்னும் ஆறு மாதம் பாவிக்கலாம்" என்று என்னிடம் கொண்டு வந்தவர்களுக்கு நான் செய்கிற உபகாரம், அவர்கள் கண் முன்னாலேயே கத்தரிக்கோலால் வெட்டிவிடுவது. கோபித்தவர்கள் உண்டு.

நல்லூர்த் திருவிழா வருகிறது. இருபத்தைந்து நாளும் நகரத்துக்குள் சனம் நிறைந்திருக்கும், உங்களுக்கும் வேலை கூடும். வேலை முடித்து அப்படியே கோயிலுக்குப் போய்க் கும்பிட்டு வரலாம் என்று நினைப்பீர்கள். ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றித்தான் உள்ளே போக வேண்டும். கழற்றிய சேட்டுக்குள் உறையைச் சுருட்டிச் சப்பாத்தோடு வைத்துவிட்டுப் போகிற எண்ணம் வேண்டாம். ஆயுத அறையில் ஒப்படைத்து, கையெழுத்து வைத்துவிட்டு, பிறகு போங்கள். முருகன் காத்திருப்பார்.

கடமை நேரம் தவிர்ந்த வேளையில் வெறும் உறையைக்கூட இடுப்பில் கட்டிக்கொண்டு சந்தைக்கோ பஸ்ஸுக்கோ போகாதீர்கள். 2009இல் போர் முடிந்து வருடங்கள் போனாலும் இந்த ஊரில் இடுப்பில் அந்த வடிவத்தைக் கண்டால் பேச்சை நிறுத்துகிற மனிதர்கள் இருக்கிறார்கள். என்னுடைய மரக் கட்டையை ஒருநாள் யன்னலில் காய வைத்திருந்தேன். பக்கத்து வீட்டு அம்மா வேலிக்கு அங்கால் நின்று பார்த்துவிட்டு, பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். அன்றைக்கு மாலை போய் மன்னிப்புக் கேட்டேன். வேப்ப மரத்துண்டுதான் என்று காட்டிய பிறகும் அவர் அதைக் கையால் தொடவில்லை. அதற்குப் பிறகு கட்டை மேசை லாச்சிக்குள், பூட்டில்.

அந்தக் காரணத்தால்தான் உங்களையும் கேட்கிறேன்: பட்டி அளவெடுக்க வரும்போது துப்பாக்கியைக் கொண்டுவராதீர்கள். மச்சான் அனுப்புகிற உறையை வெறுமையாகக் கொண்டுவாருங்கள். கண்ணியின் அகலம் மட்டும் எனக்குப் போதும். வேலைக்கு அணிகிற காற்சட்டையையே அணிந்து வாருங்கள், வேட்டியில் வந்தால் இடுப்பளவு பிழைக்கும். அண்ணரின் தோலுறையையும் எடுத்து வாருங்கள். வாயோரம் நன்றாக இருந்தால் திருப்பித் தருகிறேன். இல்லாவிட்டால் கத்தரிக்கோல் மேசையிலேயே இருக்கிறது. அவருக்கு என்ன சொல்வது என்பதை வழியில் யோசித்துக்கொண்டு வாருங்கள்.